முதுகைக் கொடுக்காத பெண்

போன மாதம் மாடம்பாக்கத்தில் என் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஸ்டண்ட் யூனியனில் புதிதாகக் கார்டு வாங்கிய பிள்ளைகள், ஒரு பையனும் ஒரு பெண்ணும். காலில் விழுந்தவர்களைத் தூக்கிவிட எனக்குத் தெம்பில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலையைத் தொட்டு அனுப்பினேன். வாசல் வரை போன அந்தப் பெண் திரும்பி, "மாஸ்டர், இவ்ளோ வருசத்துல நீங்க பண்ணதுலயே பெஸ்ட்டு எது?" என்று கேட்டாள். எரிகிற லாரியிலிருந்து குதித்ததைச் சொன்னேன். சந்தோஷமாகப் போனார்கள்.

அவர்கள் போன பிறகுதான், அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியது லாரிக் கதை இல்லை என்று தோன்றியது. அதனால் இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழையை என் மருமகள் பார்த்துத் திருத்துவாள். விஷயத்தில் இருக்கிற பிழை என்னுடையது, அதை அவள் திருத்த முடியாது.

என்னைத் தெரியாதவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். பம்மலில் தோல் ஷெட்டுகளுக்கு நடுவே சுண்ணாம்பு வாடையில் வளர்ந்தவன் நான். நாலாம் வகுப்போடு படிப்பு சரி. பதினேழு வயதில் சினிமாவுக்கு வந்தேன். யார் சிபாரிசும் இல்லை. அதற்கப்புறம் இந்த ஊரில் எத்தனை கதாநாயகர்கள் மாடியிலிருந்து விழுந்தார்களோ, அதில் பாதி விழுந்தது என் முதுகுதான். விழத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அழகாக விழத் தெரிந்தவன் நான் ஒருவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. எனக்காகச் சொல்ல இப்போது வேறு ஆளும் இல்லை.

எனக்கு ஒரு வாத்தியார் இருந்தார். பேரைப் போடுவது அவருக்குப் பிடிக்காது, போடவில்லை. அவர் செட்டில் யாரும் கை தட்டக் கூடாது. நான் முதல் தடவை இரண்டாவது மாடியிலிருந்து அட்டைப்பெட்டி அடுக்கின் மேல் விழுந்தபோது, ஒரு லைட்மேன் ஆசையாகத் தட்டிவிட்டார். வாத்தியார் அவரைத் திட்டிக் கிழித்துவிட்டார். "அவன் எந்திரிச்சு நாலு அடி நடக்கட்டும்யா. அப்புறம் தட்டு" என்றார். கைதட்டல் காதில் விழுந்தால் விழுந்தவன் ஒரு நொடி கூடுதலாகப் படுத்திருப்பான், மேலேயிருந்து விழ வேண்டிய மிச்சக் கட்டை கண்ணாடி எல்லாம் அந்த ஒரு நொடியில்தான் வரும் என்பது அவர் கணக்கு. எனக்கோ அவர் பாராட்டுவதில் கஞ்சன் என்றுதான் தோன்றியது.

நான் மாஸ்டர் ஆனதும் முதல் வேலையாக அதை மாற்றினேன். என் செட்டில் யார் நன்றாக விழுந்தாலும் மொத்த யூனிட்டும் கை தட்ட வேண்டும். டீ கொடுப்பவர்கூட டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தட்ட வேண்டும். புதுப் பையன்கள் அந்தச் சத்தத்துக்காகவே என்னிடம் வேலைக்கு வந்தார்கள். ஃபைட்டருக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தவன் என்று எனக்குப் பேர். அந்தப் பேரைத் தலையில் சுமந்துகொண்டு இருபது வருஷம் திரிந்தேன்.

இனி ஷீபாவுக்கு வருகிறேன்.

நான் வேலை செய்த கடைசிப் படம் ஒரு மல்யுத்தப் பெண்ணின் கதை. நிஜக் கதை. எங்கள் பம்மல் பெண்தான். அப்பா அந்தோணி, பல்லாவரத்துக்கும் பம்மலுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அம்மா எஸ்தர், தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. ஒரே பெண் ஷீபா. ஒன்பது வயதில் மேட் என்கிற மல்யுத்த மெத்தையில் இறங்கியவள், நான் பார்த்தபோது அவளுக்குப் பத்தொன்பது. ஆரம்பத்தில் வரிசையாக ஏழு போட்டி தோற்று, எட்டாவதில் ஜெயித்தவள். அந்த ஏழு தோல்வியில் குடும்பம் அடித்த கூத்துதான் படம். சிரிப்புப் படம்.

கூத்து என்றால் சாதாரணக் கூத்து இல்லை. எடை பார்க்கிற அன்று காலையில் எஸ்தர் பாசத்தில் எட்டு இட்லி வைத்து, எடை கூடிப்போய், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து அவளைத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஓடவிட்டிருக்கிறார்கள். இன்னொரு போட்டியில் சிவப்பு டிரஸ் தன் மகள் என்று நினைத்து, எதிராளி வாங்கிய ஒவ்வொரு புள்ளிக்கும் அந்தோணி எழுந்து நின்று கை தட்டியிருக்கிறார். ஷீபா அன்று நீலம். அந்தக் காட்சியைச் சொல்லித்தான் டைரக்டர் தயாரிப்பாளரைப் பிடித்ததாகக் கேள்வி.

செட் போட்டது பம்மலில் மூடிக் கிடந்த ஒரு தோல் ஷெட்டில். நான் வளர்ந்த தெருவிலிருந்து கூப்பிடு தூரம். கதாநாயகி நன்றாக நடிக்கிற பெண், ஆனால் கட்டிலில் உட்காரும்போதே பின்னால் கை ஊன்றித்தான் உட்காருவாள். அவளை விழவைக்க முடியாது. வழக்கமாக டூப் போடுகிற பெண்ணுக்கு அது பிரசவ மாதம். ஷீபா அதே உயரம், அதே உடம்பு வாகு. "என் கதையில நானே விழுறேன் மாஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். டைரக்டருக்கு வாயெல்லாம் பல். திருநீர்மலைப் படியில் ஓடுகிற காட்சியில் கதாநாயகி நாலு படி ஓடினாள். மிச்சப் படி அத்தனையும் ஷீபா ஓடினாள், அதுவும் பன்னிரண்டு தடவை.

அந்தோணிக்கு மானிட்டர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சவாரியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார். அவராக நடித்த நடிகரைப் பார்த்து முதல் நாளே தகராறு.

"சார், நா இப்டி குனிஞ்சி நடக்க மாட்டேன்."

"நீங்க இப்பவும் அப்படித்தான் நிக்கறீங்க அண்ணா," என்றார் அந்த நடிகர்.

அந்தோணி நிமிர்ந்தார். இரண்டு நிமிஷம் நிமிர்ந்தே நின்றார். அப்புறம் முதுகு வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் முதல் தோல்வியை எடுக்க ஆரம்பித்தோம். டைரக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். படித்த பையன், மரியாதையாகப் பேசுவான்.

"மாஸ்டர், பாயிண்ட்ஸ்ல தோக்கறது ஆடியன்ஸுக்குப் புரியாது. தொபுக்கடீர்னு மல்லாக்க விழணும். ஏழு தடவையும். ஒவ்வொண்ணும் வேற வேற மாதிரி. தியேட்டர்ல சிரிப்பு நிக்கக் கூடாது."

சினிமாவுக்கு அவன் சொன்னது சரி. நான் போய் ஷீபாவிடம் சொன்னேன். அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"நா முதுகுல தோத்ததே இல்ல மாஸ்டர். ஏழும் பாயிண்ட்ல போனதுதான்."

"தோக்கச் சொல்லலம்மா. விழத்தான் சொல்றேன்."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"அது உங்க மேட்டுல. இது சினிமா மேட்டு."

"மேட்டு ஒரே மேட்டு தானே மாஸ்டர். எங்க ஹால்லேர்ந்துதான தூக்கினு வந்தீங்க."

அது உண்மை. செட்டில் விரித்திருந்தது அவள் தினமும் பயிற்சி செய்கிற மேட்டேதான். வாடகைக்கு எடுத்திருந்தோம். இருந்தாலும் சிரித்துத் தட்டிக் கொடுத்தேன். வயதில் பெரியவன் சிரித்துத் தட்டிக் கொடுத்தால் சின்னவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். அதை நான் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். நீங்களும் ஒருநாள் செய்வீர்கள்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மல்யுத்தத்தில் இரண்டு தோளும் மேட்டில் பட்டால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. எத்தனை புள்ளி முன்னால் இருந்தாலும் பிரயோஜனமில்லை. அதனால் தூக்கி எறியப்பட்டவள் காற்றிலேயே புரண்டு வயிற்றில் விழப் பார்ப்பாள். முழங்கை உரசட்டும், மூக்கு உடையட்டும், முதுகை மட்டும் கொடுக்க மாட்டாள். நம் தொழில் நேர் எதிர். தாடையை நெஞ்சோடு ஒட்டு, முதுகை விரி, இரண்டு உள்ளங்கையாலும் மேட்டை ஓங்கித் தட்டு. அடி மொத்தமும் கைக்கும் முதுகுக்கும் பரவிப் போய்விடும். பார்க்க அழகு, சத்தமும் அருமை.

அன்று முழுக்க அவள் விழவே இல்லை. எதிராளியாக நிற்கிற பெண் எறிவாள், ஷீபா காற்றிலேயே பூனை மாதிரி திரும்பிவிடுவாள். பதினோரு டேக். "சாரி மாஸ்டர், தானா வருது" என்பாள். கேமராமேன் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். டைரக்டர் என்னைப் பார்க்க ஆரம்பித்தான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எத்தனை பேரை விழவைத்தவன், இந்தப் பெண்ணை விழவைக்க முடியாதா? நாலு நாள் கேட்டு வாங்கினேன். காலையும் மாலையும் அவளோடு நின்றேன். தாடை, முதுகு, கை. தாடை, முதுகு, கை. திரும்பினால் ஒன்றும் சொல்ல மாட்டேன். பாதி திரும்பினாலும் சொல்ல மாட்டேன். முழுசாக மல்லாந்து விழுந்தால் மட்டும் என் ஆட்கள் பத்துப் பேரும் கை தட்டுவார்கள். நாலாம் நாள் மத்தியானம் அவள் விழுந்தாள். முதுகு முழுக்க விரிந்து, உள்ளங்கை இரண்டும் ஒரே நேரத்தில் படீர் என்று. ஷெட்டுத் தகரத்தில் எதிரொலித்தது. சமையல் செய்கிறவர்கள் வரைக்கும் ஓடிவந்து தட்டினார்கள். அந்தோணி நாற்காலி மேலேயே ஏறி நின்று தட்டினார்.

ஷீபா மல்லாந்தபடி கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷம் மேட்டில் கிடந்த பெண். அவளுக்கு இத்தனை பேர் சேர்ந்து கை தட்டியதில்லை.

பத்து வருஷமாக அவள் உடம்பில் ஊறியிருந்ததை நாலே நாளில் எடுத்துவிட்டேன் என்று அன்றைக்கு யூனிட் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இதே வார்த்தைகளில்தான் சொன்னேன். சொன்னது என் காதிலேயே விழவில்லை.

அப்புறம் வேலை ஓடியது. இரண்டாவது தோல்வி, மூன்றாவது தோல்வி, எல்லாம் ஒரே டேக்கில், இரண்டு டேக்கில். டீ சொல்வது மாதிரி விழுந்தாள். அந்தோணி தட்டித் தட்டிக் கை சிவந்து போனார். "இன்னாமா விழுது பாருங்க மாஸ்டர் நம்ம பொண்ணு. காசு குடுத்தாலும் வராது" என்பார்.

ஐந்தாவது தோல்வி எடுத்த வாரத்தில் ஒருநாள் மாலை எஸ்தர் வந்தார். பள்ளிக்கூடம் முடிந்து அதே புடவையில். எப்போதும் மகளுக்கு ஏதாவது டிபன் கொண்டுவருவார், அன்றைக்கு வெறுங்கை.

"மாஸ்டர், ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே."

"சொல்லும்மா."

"காலைல துவைக்கிற கல்லாண்ட சோப்புத் தண்ணில வழுக்கி விழுந்துட்டா. அடி ஒண்ணும் இல்ல. ஆனா கைய படார்னு தரையில தட்டிக்கினு, மல்லாந்து, அப்டியே மேல பாத்துக்கினு கீறா. எந்திரிடின்னு சொன்னப்புறம்தான் எந்திரிச்சா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்தீங்களா எஸ்தர், அதான் ட்ரெயினிங்கு. வேற யாரா இருந்தாலும் மண்டை உடைஞ்சிருக்கும்" என்றேன். பக்கத்திலிருந்த என் ஆட்கள் சிரித்தார்கள். அந்தோணியும் சிரித்தார்.

எஸ்தர் சிரிக்கவில்லை. "அவளுக்கு அடுத்த மாசம் செலக்‌ஷன் ட்ரையல் கீது மாஸ்டர். மாநில டீமுக்கு. ஜூனியர்ல இதான் கடைசி வருசம். இதுல வந்துட்டா ஸ்போர்ட்ஸ் கோட்டால எதுனா ஒரு வேல கெடைக்கும்னு நம்பிக்கினு கீறா. இதுக்கு மேல பெரியவங்களோடதான் மோதணும்."

"ட்ரையல் ட்ரையல், ஷூட்டிங் ஷூட்டிங். ரெண்டையும் கொழப்பிக்க மாட்டா. கெட்டிக்காரப் பொண்ணு."

"அவ கொழப்பிக்க மாட்டா மாஸ்டர். ஒடம்புக்குத் தெரியுமா அது?"

நாலாம் வகுப்பு படித்த எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. பத்தாம் வகுப்பு படித்த ஆயாம்மாவுக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு. "கவலைப்படாம போய்ட்டு வாங்க" என்றேன். இந்தத் தொழிலில் நான் கேட்ட கேள்விகளிலேயே நல்ல கேள்வி அது. கேட்டவர் என் தொழிலில் இல்லை.

கடைசி நாள் ஏழாவது தோல்வி. மறுநாள் காலை ஷெட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். கதாநாயகி அன்று சாயங்காலமே வேறு படத்துக்குப் போகிறாள். வெளிச்சம் தகரச் சந்து வழியாகச் சாய்ந்துகொண்டிருக்கிறது. டைரக்டருக்கு ஒரே விழுதலை ஐந்து பக்கத்திலிருந்து வேண்டும், மெதுவாக ஓட்டிக் காட்டப் போகிறான். ஷூட்டிங் முடிந்ததும் உடைக்கிற பூசணிக்காய் ஒரு மூலையில் சூடத்தோடு தயாராக இருக்கிறது. மூன்று கோணம் முடிந்திருந்தது. ஷீபா அதற்குள் ஒன்பது தடவை விழுந்திருந்தாள்.

என் ஆட்களில் ஒல்லியான ஃபைட்டர் ஒருவன். சின்ன உடம்பு. அவன் கிட்டே வந்து, "மாஸ்டர், மிச்சம் ரெண்டும் பின்னாடிலேர்ந்து தானே. விக்கு வெச்சிக்கினு நா போறேன். அந்தப் பொண்ணு ட்ரையல் போவுதுன்னு அவங்கம்மா சொல்லிச்சே" என்றான்.

பத்து நிமிஷ வேலை. விக் பெட்டி அங்கேயே இருந்தது. பின்னாலிருந்து எடுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

நான் ஷீபாவைப் பார்த்தேன். அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். எஸ்தரைத் தேடினேன், அன்றைக்கு அவர் வரவில்லை. அந்தோணி கையைத் தேய்த்துக்கொண்டு தயாராக இருந்தார். டைரக்டர், "மாஸ்டர், லைட் போகுது" என்றான்.

"என் படத்துல விக் வெச்ச ஆம்பளை விழ மாட்டான்" என்றேன்.

நெருக்கடியில் எடுத்த முடிவு என்று இதைச் சொல்ல மாட்டேன். நெருக்கடி டைரக்டருக்குத்தான். என்னிடம் விக்கும் இருந்தது, ஆளும் இருந்தான், பத்து நிமிஷமும் இருந்தது. அந்தப் படத்தின் கடைசி விழுதல் கச்சிதமாக இருக்க வேண்டும் என்கிற என் வீராப்புத்தான் அங்கே பேசியது. ஷீபா இன்னும் பதினாலு தடவை விழுந்தாள். பதினாலு தடவையும் கை தட்டினோம். பூசணிக்காயை உடைத்தோம். யூனிட் எனக்கு மாலை போட்டது.

ட்ரையலுக்கு அந்தோணி என்னை வற்புறுத்திக் கூப்பிட்டார். ஷூட்டிங் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். வண்டலூர் தாண்டி ஒரு கல்லூரியின் உள்ளரங்கம். அவருடைய ஷேர் ஆட்டோவில்தான் போனோம். எஸ்தர் சர்ச்சுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தார். வழி முழுக்க அந்தோணி ஒரே பேச்சு.

"இன்னிக்கு இன்னா கலரும்மா?"

"செவப்பு."

"செவப்பு. சரி. செவப்பு."

"மறந்துட்டு நீலத்துக்குத் தட்டாத," என்றார் எஸ்தர்.

"அத இன்னும் எத்தினி வருசம்தான் சொல்லுவ? அதான் படமே எடுத்துட்டாங்களே."

ஷீபா சிரித்தாள். நான் பார்க்க அவள் அன்றைக்குக் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

முதல் இரண்டு ஆட்டமும் சுலபமாக ஜெயித்தாள். கடைசி ஆட்டம் திருச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தியோடு. ஜெயித்தவளுக்கு இடம், தோற்றவளுக்கு வீடு. நல்ல பலசாலி அந்தப் பெண், ஆனால் ஷீபாவுக்கு மூளை அதிகம். ஆறுக்கு மூன்று என்று முன்னால் இருந்தாள். இன்னும் ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை. நானும் அந்தோணியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எஸ்தர் உட்காராமல் தூண் ஓரம் நின்றிருந்தார்.

அந்தப் பெண் ஷீபாவின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. காற்றில் புரண்டு வயிற்றில் விழுந்தால் இரண்டு புள்ளி போகும், அப்போதும் இவள்தான் முன்னால். பத்து வருஷமாக அவளுக்குத் தானாக வந்தது அது.

அவள் தாடை நெஞ்சோடு ஒட்டியதை நான் பார்த்தேன். முதலில் தாடைதான் போகும். அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முதுகு விரிந்தது. இரண்டு உள்ளங்கையும் ஒரே நேரத்தில் படீர் என்று மேட்டில் விழுந்தன. என் வாழ்நாளில் நான் சொல்லிக்கொடுத்து ஒருவர் அவ்வளவு அழகாக விழுந்து பார்த்ததில்லை.

கைதட்டல் கேட்டது. இரண்டே பேர் தட்டினார்கள். ஒருவர் அந்தோணி.

இன்னொன்று என் கை.

மூன்று தட்டோ நாலு தட்டோ. அதற்குள் விசில் ஊதி ஆட்டம் முடிந்திருந்தது. அந்தோணி தன் கையைப் பார்த்தார், யாருடையதோ மாதிரி. நான் என் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தேன். மேட்டில் ஷீபா மல்லாந்து கூரையைப் பார்த்துக் கிடந்தாள். சத்தம் வந்த பக்கம் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். தூண் ஓரத்திலிருந்து எஸ்தரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே ஆட்டோவில் திரும்பினோம். வழியில் கை காட்டிய சவாரிகளை அந்தோணி ஏற்றவில்லை. பெருங்களத்தூரில் ஒரு அம்மா கூடையோடு ஓடிவந்தார், அவரையும் விட்டுவிட்டுப் போனார். தாம்பரத்தில் சிக்னலில் வண்டி நின்றது. பின்சீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஷீபா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"மாஸ்டர், டேக் ஓகேவா?"

பச்சை விழுந்தது. அந்தோணி கிளம்பவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். எஸ்தர் அவர் தோளைத் தொட்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது.

படம் நன்றாகத்தான் ஓடியது. ஏழாவது விழுதலை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். தியேட்டரே சிரித்தது, பின்வரிசையில் விசிலடித்துக் கை தட்டினார்கள். நான் அதற்கு மேல் உட்காரவில்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு படத்தையும் வேண்டாம் என்றேன். முட்டி வலி என்று சொன்னேன். முட்டியும் வலிக்கத்தான் செய்தது.

ஒரு மாதம் கழித்து எஸ்தர் மாடம்பாக்கத்துக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"திட்ட வரல மாஸ்டர். அவ அப்பா சிரிச்சதும் நீங்க சிரிச்சதும் ஒண்ணுதான், அவரோடதான நான் குடும்பம் நடத்தறேன். ஆனா நீங்க குடுத்தத எடுக்க கோச்சுக்குத் தெரியல. எப்ப வருதுன்னே அவருக்குத் தெரியல. தெரிஞ்ச ஆளு நீங்கதான்."

அப்படித்தான் நான் மறுபடி பம்மலுக்குப் போக ஆரம்பித்தேன். காலையில் அந்தோணி வந்து ஏற்றிக்கொண்டு போவார். ஹாலில் அதே மேட். கோச் ஓரமாக ஒரு நாற்காலி போட்டார். என் வேலை ஒன்றே ஒன்றுதான். அவளை எறியும்போது தாடை நெஞ்சுக்குப் போகிறதா என்று பார்ப்பது. போனால் "தாடை" என்று கத்துவது. அது போகிற அரை நொடியைப் பார்க்க இந்த ஊரில் என் கண்ணை விட்டால் வேறு கண் இல்லை. இதுவும் பெருமைதான். இப்போது இந்தப் பெருமையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஷீபா ஒரு நிபந்தனை போட்டாள். "ரெண்டு பேரும் வரலாம். கை சத்தம் வந்தா ஆட்டோவ எடுத்துக்கினு போய்டணும்."

அதனால் நானும் அந்தோணியும் கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறோம். அரை மணியில் மரத்துப் போகும். மாற்றி மாற்றி உட்காருவோம். பார்க்கிறவர்கள் எங்களுக்கு மூலம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

போட்டது நாலு நாள். எடுக்க ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. சில நாள் வராது. சில நாள் மூன்று தடவை வரும், மேட்டைத் தட்டிவிட்டு அப்படியே கிடப்பாள், நான் வேறு பக்கம் பார்ப்பேன். பெரியவர்களுக்கான ட்ரையல் இன்னும் சில வாரத்தில். அவள் தேறுவாளா என்று என்னைக் கேட்டால் தெரியாது. எனக்குத் தெரியாது என்று நான் சொல்வதே அதிசயம் என்கிறாள் என் மருமகள்.

பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்ல வந்தது பெரிய விஷயம் இல்லை. உங்களிடம் வந்து நிற்கிறவர்கள் எல்லோரும் நம் தொழிலில் பிழைக்க வந்தவர்கள் இல்லை. பூசணிக்காய் உடைத்ததும் அவர்கள் வேறு இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். அங்கே நீங்கள் கொடுத்தது அவர்களோடு போகும். விக் பெட்டி பக்கத்தில் இருந்தால் திறந்து பாருங்கள். ஒரு அம்மா வந்து ஏதாவது சொன்னால் பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தில் வைத்துக் கேளுங்கள். ஆட்கள் சுற்றி இருந்தால் நாம் கேட்பதை விட்டுவிட்டுப் பதில் சொல்லவே நினைப்போம்.

நேற்றுக் காலையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கனமான பெண் ஒருத்தி ஷீபாவை இடுப்போடு தூக்கி எறிந்தாள். நான் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. காற்றில் பாதியில் இடுப்பை முறித்துக்கொண்டு, கால் ஒரு பக்கம் கை ஒரு பக்கமாக, முழங்கையும் வயிறும் ஒரு கன்னமும் முதலில் பட, மூட்டை சரிந்தது மாதிரி விழுந்தாள். சத்தம்கூட நன்றாக இல்லை. என் செட்டில் யாராவது அப்படி விழுந்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். நாற்பது வருஷத்தில் அவ்வளவு அசிங்கமாக ஒருவர் விழுந்து நான் பார்த்ததில்லை.

அவள் எழுந்தாள். உதட்டில் ரத்தம். துடைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலை நோக்கி நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தோணி என் காதோரம் சாய்ந்தார். "இப்ப தட்லாமா மாஸ்டர்?"

"கைய எடுக்காதீங்க," என்றேன்.